புரட்டு

கொருக்குப்பேட்டை கேட் சாத்தினால்
சரக்கு ரயில் ஐம்பது பெட்டி.
அது கடந்து முடிவதற்குள்
ஒரு பெயரை வெட்டி எடுத்துவிடலாம்.
மெஷினுக்குத் தமிழ் தெரியாது, கோடுதான் தெரியும்.
எது முகம், எது முதுகு என்று
நான்தான் சொல்ல வேண்டும்.

டீசர்ட்டா, புரட்டு.
பளபளப்பு கீழே, மங்கல் மேலே.
கத்தி முதுகில் கீறும்,
சூட்டில் கவிழ்ந்து விழுந்து நேராகும்.
ஹெல்மெட், பைக் டேங்க், டிபன் கடைப் பலகை,
புரட்டாதே. உரி, ஒட்டு, காசை வாங்கு.

சொல்வது சுலபம்.
போன மே மாதம் வியாசர்பாடிப் பையன்களுக்குப் பதினான்கு ஜெர்சி,
காலை ஏழு மணிக்கு மேட்ச்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்த அவசரத்தில்
புரட்ட மறந்தேன்.
தப்பித்தது எட்டு மட்டும்.
பதினொன்றுக்குக்கூட மூக்கு திரும்பியிருந்தது.
மூன்றுக்கு ஒன்று ஜெயித்தார்கள்,
பாக்கியை மட்டும் இன்னும் தரவில்லை.

ஆனால் சள்ளை பிடித்தது கண்ணாடிதான்.
அதற்கு இரண்டு பக்கமும் முகம்.

தேசிங்கு காசிமேட்டு மீன் ஏற்றும் குட்டியானை வைத்திருப்பவர்.
வண்டி வரும் முன்னே கவிச்சை வரும்.
கேபினின் பின் கண்ணாடியைக் காட்டினார்.
"வெளிய ஒட்னா ஐஸ் தண்ணி பட்டு
ரெண்டே வாரத்துல பிச்சிக்குதுக்கா. உள்ளேர்ந்து ஒட்டு.
ஓட்டசொல்ல மேல இருக்குற கண்ணாடில பாத்தா
எனக்கு நேரா தெரியணும்.
பின்னாடி வர்றவனுக்குத் தெரியக் கூடாது."
பீடிக் கட்டுத் தாளில் ஒரு பெயர்:
பனிமலர்.

யார் என்று கேட்கவில்லை.
இந்தத் தொழிலில் பாதி, கேட்காமல் இருப்பது.
பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்து
தாளில் எழுதி, வெளிச்சத்தில் பிடித்து,
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.
நடக்காது.
புரட்டி ஒட்டினால் பின்னால் வரும் லாரி படிக்கும்,
உன் கண்ணாடியும் படிக்கும்.
புரட்டாமல் ஒட்டினால் ரெண்டு பேருக்குமே கோணல்.
நீ கழுத்தைத் திருப்பினால் மட்டும் நேர்.

"கழுத்தத் திருப்பிக்கினே எண்ணூர் ரோட்ல போவ முடியுமா?
கன்டெய்னர்காரன் ஏத்திட்டுப் பூடுவான்."

முடியாது.
உனக்கு நேராகத் தெரிய வேண்டுமென்றால்
ரோட்டுக்கும் தெரியும். வேறு கணக்கு இல்லை.

தாளை மடித்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனவர்
பன்னிரண்டு நாள் வரவில்லை.
அதற்குள் இரண்டு கல்யாண வண்டி, ஒரு கண்ணீர் அஞ்சலி,
மாதா கோயில் தேருக்கு நட்சத்திரம் நாற்பது.

வந்தபோது வண்டியைக் கழுவியிருந்தது.
"புரட்டுக்கா."
ஊரே படிக்குமே.
"எத்தினி இஞ்ச் வரும்?"
எத்தனை வேண்டும்?
"கண்ணாடி எத்தினி இஞ்சோ அத்தினி."

திரையில் பெயர் பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றது.
எல்லா எழுத்துக்கும் முகம் மாறிப் போக
ப மட்டும் ப-வாகவே இருந்தது,
இடம்தான் மாறி, வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது.
வெள்ளை வினைல்.
ஊசியால் ம-வின் வயிற்றைக் கிள்ளி எடுத்தேன்.
ர்-இன் புள்ளி நழுவி
என் நகத்தில் ஒட்டிக்கொண்டது.
மூச்சை அடக்கி அதன் இடத்தில் வைத்தேன்.

சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி தள்ளி,
துணியால் தேய்த்து இறங்கினேன்.
தேசிங்கு ஏறி உட்கார்ந்தார்.
மேலே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தார்.
இன்னும் கொஞ்சம்.
பிறகு கை அசையவில்லை.

கேட் திறந்துவிட்டது.
முன்னால் இருந்த வண்டிகள் தண்டவாளம் தாண்டிவிட்டன.
பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவன் தலையை நீட்டி,
எதிரே இருந்ததைப் படித்து, கத்தினான்:
"ஏ பனிமலரு! வண்டிய எடு!"

ஒரு கணம்.
ஜன்னல் வழியே கை வெளியே வந்து ஆடியது.
"தோ, எடுக்கிறேன்."

குட்டியானை போய்விட்டது.
பில் புக்கில் 'தே' என்று ஆரம்பித்திருந்தேன்.
அதை அடித்துவிட்டு
பக்கத்தில் எழுதினேன், புரட்டாமல்.