பத்துக் கிலோமீட்டருக்குள்

அட்டவணையை நான்தான் தட்டச்சு செய்தேன்.
மார்ச் இருபத்தொன்று, சனி, மாலை நாலரை:
பகாவ் – கோலாப்பிலா, பெண்கள் ஹாக்கி.
அதையே பிறகு ஏப்ரல் என்று திருத்தினேன்,
ஜூன் என்று திருத்தினேன்.
மூன்றாம் முறை தேதியை அழித்துவிட்டுக்
கிழமையை மட்டும் வைத்தேன்.
சனி எப்படியும் வரும்.

வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போகலாம் என்றார்கள்.
வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன்.
மார்க்கெட் உண்டு, கிளினிக் உண்டு,
கோயில் உண்டு, பூட்டியபடி.
எதிரணி இல்லை.

செம்பனை லோரிகளுக்குத் தடையில்லை.
நோய் வந்ததென்று குலை பழுக்காமல் நிற்குமா?
எங்கள் சென்டர் ஃபார்வர்ட் தமயந்தி
அப்பாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போகிறாள்.
"முதுகு குனிந்தேதான் இருக்கு,
பயிற்சி விட்டுப்போகலடி"
என்று வாட்ஸ்அப்பில் சிரிக்கிறாள்.
அவளுக்கு இதுதான் கடைசி செமஸ்டர்.

திடலில் போட்ட சுண்ணாம்புக் கோடு
ஒரே மழையில் போயிற்று.
கோல் கம்பத்துக்குள் லாலான் புல்,
இடுப்புயரம்,
தடுக்க ஆளில்லாமல்.

டிசம்பரில் கடிதம்.
ஒத்திவைப்பு என்ற ஆறெழுத்துப் போய்
ரத்து என்ற மூன்றெழுத்து.
தமயந்திக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது,
பதில் இல்லை.

நேற்று பஸ்கார அண்ணன் குழந்தைவேலு கூப்பிட்டார்.
"முன்பணம் இருநூறு வெள்ளி எங்கிட்டயே கெடக்கு,
திருப்பித் தரவா தங்கச்சி?"
வேண்டாம் என்றேன்.
பஸ் ஓடுதா என்று கேட்டேன்.
"எங்க ஓட!
சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்
நிறுத்தின எடத்திலேயே முடுக்கிவிடுறேன்,
பேட்டரி செத்துடக்கூடாதுல்ல."