சருகுக் காது

ஆடி பிறந்ததும் கச்சான் அடிக்கும்.
மடுல்சீமைக்குக் கீழே, பத்தாம் நம்பர் மலை முடிகிற இடத்தில்
தான்றியும் கடுக்காயும் மொட்டையாகும்.
தேயிலை உதிராது.
அதை நாங்கள்தான் விரலால் உதிர்க்கிறோம்,
நாளுக்குப் பதினெட்டு கிலோ.
காடு தானே உதிர்க்கும்,
யாரிடமும் கணக்குக் கொடுக்காமல்.

பிறகு இரண்டு மாதம்
அங்கே எதற்கும் ரகசியம் இல்லை.
வத்தாளைக் கொடிக்குக் காவலாகக் குடிலில்
டோர்ச்சை அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன்.
முள்ளம்பன்றி தன் முள்ளையே கிலுக்கிக்கொண்டு வரும்,
கடன் கேட்க வெட்கப்படாதவனைப் போல.
மரை நாலு எட்டு வைக்கும், நிற்கும்;
நான் மூச்சு விட்டது அதற்குக் கேட்டிருக்கும்.
பன்றிக்குக் காது கொடுக்கவே வேண்டாம்,
குட்டி குஞ்சோடு பெரட்டுக்கு வருகிற இரைச்சல்.
விடியலில் காட்டுக்கோழி நடந்தால்
ஆள் வருகிற மாதிரி இருக்கும்.
ஆள் வந்தால், மாடு.

புலிக்கு மட்டும் சத்தம் கிடையாது.
புத்தகத்தில் அது சிறுத்தை, லயத்தில் புலிதான்.
அந்தச் சொல்லை ஒரு காலத்தில்
பஸ்ஸில் மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.
காய்ந்த இலையில் அது எங்கே கால் வைக்கிறதென்று
பதினோரு வருஷம் காது வைத்திருந்தேன்.
கேட்டதெல்லாம்
மற்றவை வாய் மூடுவதை.

கம்பி நான் வைத்தது.
ஓடாத பைக்கின் கிளச் கேபிள்,
வேங்கை மரத்தடியில், பன்றி உயரத்துக்கு.
ஒரே இரவில் நாற்பது மூடு வத்தாளை போனால்
நீங்களும் வைப்பீர்கள் என்று சொல்லமாட்டேன்.
நான் வைத்தேன்.

செவ்வாய் இரவு, மூன்று மணி இருக்கும்.
சருகை மூட்டை மூட்டையாகக் கொட்டி
யாரோ திரும்ப அள்ளுவது போல ஒரு சத்தம்.
மரை இல்லை. பன்றி இல்லை.
எனக்குத் தெரியாத சத்தம்.
தெரியாததால் தெரிந்துவிட்டது.

காலையில் லயமே வந்தது, கையில் போனோடு.
எட்டடி வட்டத்தில் ஒரு இலை இல்லை, வெறும் செம்மண்.
நடுவில், இடுப்பில் கம்பி இறுகி,
அது எங்களைப் பார்க்கவில்லை.
எங்களுக்குப் பின்னாலிருந்த காட்டைப் பார்த்தது.
நாங்கள் மறைத்துக்கொண்டு நின்றோம்.

ஜீப் வர பதினொன்றாகிவிட்டது.
மருந்து ஊசி பாய்ந்து, தலை மெல்லச் சாய்ந்தபின்
விஜேகோன் மாத்தயா உடைந்த தமிழில் கேட்டார்:
"யாரு வச்சது?"
சன்னாசி வானத்தைப் பார்த்தான்.
இந்திராணி என் கையைப் பார்த்தாள்,
கம்பி முறுக்கிய கீறல் இன்னும் ஆறாத கையை.
தூக்க ஆள் வேண்டும் என்றார்கள்.
நான் போனேன்.
முன்கால் பக்கம்.
அவ்வளவு பாரத்தை, அவ்வளவு சூட்டை
நான் நினைத்திருக்கவில்லை.
மூச்சு இருந்தது. என் மணிக்கட்டில் பட்டது.

பிழைத்ததா என்று யாரும் வந்து சொல்லவில்லை.
கேட்கப் போனால் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டது.
தான்றியில் செம்பு நிறத்தில் துளிர்.
சருகு ஊறிப்போய்க் கிடக்கிறது,
இனி எது நடந்தாலும் காதுக்கு வராது.
குடிலில்தான் படுக்கிறேன். கம்பி இல்லை.
வத்தாளையில் பாதி பன்றிக்கு.

சில இரவுகளில் தவளைகூட
ஒரே நேரத்தில் வாய் மூடிக்கொள்கிறது.
டோர்ச்சை அடிப்பதில்லை.
எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.