விடு

ஹோம்சைட் சிறையின் முன்வாசல் அறையில்
பைகளைத் திருப்பிக் கொடுப்பது என் வேலை.
உள்ளே வரும்போது கழற்றியதை
வெளியே போகும்போது
எண்ணி, பட்டியல் பார்த்து, கையெழுத்து வாங்கி.
மனிதர்களை நான் விடுவிப்பதில்லை.
பெல்ட்டுகளை விடுவிக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும்
முப்பத்தொரு பைகள்.
வழக்கமாக நான்கு, மிஞ்சினால் ஐந்து.
கருணை பெருகிவிட்டதென்று நினைக்காதீர்கள்.
கட்டில் தீர்ந்துவிட்டது.
இருவர் அறையில் மூவர்,
மூன்றாமவன் தலைமாட்டில் கழிப்பறை.
லண்டனில் யாரோ ஒருவர் பேனாவை எடுத்து
பாதி என்றிருந்ததை அடித்து
பாதிக்கும் கீழே எழுதினார்.

முந்தைய வாரம் நகர மன்றத்தில் கூட்டம்.
ஈர மழைக்கோட்டுகளின் வாடை,
தேநீர்க் கொதிகலனின் முனகல்.
"திருந்தியவனை அடைத்து வைத்து என்ன லாபம்?"
என்றார் பாதிரியார்.
"திருந்தினான் என்று எந்தத் தராசு சொன்னது?"
என்றான் கசாப்புக்கடை வில்ஃப் ஹெப்பிள்.
உள்ளே தன் தம்பி கற்றதெல்லாம்
கெட்டிலில் முட்டை அவிப்பது ஒன்றுதான்
என்றாள் பின்வரிசைப் பெண்.
சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது,
நோரீன் ஆஸ்க்யூ எழுந்ததால்.

ரொட்டிக்கடை நோரீன்.
பாருக்கு வெளியே ஒரே ஒரு குத்து,
நடைபாதை விளிம்பில் பின்மண்டை,
பத்தொன்பது வயது ரோரி.
எழுதிக் கொண்டுவந்த தாளை அவள் பிரிக்கவில்லை.
"ஒன்பது வருடம் என்று அச்சடித்துக் கொடுத்தீர்கள்.
வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.
கூடக் கொடு என்று கேட்கவில்லை.
இப்போது மாற்றப் போனால்
நான்குகூடத் தேறாது என்கிறீர்கள்."
உட்கார்ந்துவிட்டாள்.
அடுத்த கேள்வி, என்றார் தலைவர்.
அடுத்த கேள்வி வாகன நிறுத்தம் பற்றியது.

இருபத்தாறாவது பை டாரல் ஸ்டப்ஸினுடையது.
செத்துப்போன போன், ஒற்றை ஷூ லேஸ்,
குளிர்காலக் கோட்டு ஒன்று.
போட்டுப் பார்த்தான்; பொத்தான் எட்டவில்லை.
சிறைச் சோறு எல்லோரையும் இளைக்க வைப்பதில்லை.
கிழிந்த பாக்கெட் வழியே விரலை விட்டு
உள்துணியைத் துழாவி எடுத்தான்
காகித இருபது பவுண்டு ஒன்றை.
என் பட்டியலில் இல்லாதது.
வந்த நாளில் யார் கையிலும் சிக்காதது.

"இது இப்போது கடையில் செல்லாது" என்றேன்.
பிளாஸ்டிக் நோட்டு வந்து நாளாயிற்று.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.
"டாக்ஸிக்கு வைத்திருந்தது.
அன்றைக்கு ராத்திரி தேடித் தேடிப் பார்த்தேன்."
அவ்வளவுதான் சொன்னான்.

விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது.
என் பர்ஸிலிருந்து புது இருபதை எடுத்து நீட்டி
பழையதை வாங்கிக்கொண்டேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
கூட்டத்தில் எந்தப் பக்கத்துக்கும்
நான் கை தூக்கியவளில்லை.
கதவு திறந்தது, மழை பெய்துகொண்டிருந்தது,
கோட்டை மூட முடியாமல்
ஒரு கையால் பிடித்துக்கொண்டே போனான்.
இருபத்தேழாவது பை, என்றேன்.

நோரீனுக்குக் கடிதம் போயிருக்க வேண்டும்.
சாதாரணத் தபால்தான்.
வந்து சேர்ந்ததா, இன்னும் வழியில்தானா,
அவள் முகத்தில் அது எழுதியிருக்கவில்லை.
மாலை ஐந்தரை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
ஒரு கோதுமை ரொட்டி கேட்டேன்.
பர்ஸில் அந்த நோட்டு,
அதற்கடியில் சில்லறை.
நோட்டைத் தொடாமல் சில்லறையைக் கொட்டினேன்.
மாவு படிந்த விரலால்
ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினாள்.
பத்து பென்னி குறைந்தது.
கோட்டுப் பையில், கைப்பையில்,
மறுபடி கோட்டுப் பையில்
கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"விடு" என்றாள் நோரீன்,
எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தபடி.