நான்கு நிமிடம் பதினொரு வினாடி

டப்பாவைத் திறந்ததும் காடி வாசம்.
ஊறுகாய்க் கடைக்குள் வழிதவறி நுழைந்தவள்போல்
மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
படச்சுருள் சாகும்போது இப்படித்தான் புளிக்கும்.

லேபிளில் 'ஹந்து' வரை படிக்க முடிகிறது.
எந்தப் பேய் என்பதைத் துரு தின்றுவிட்டது.
இயக்கம்: எஸ். இன்னாசிமுத்து.
ஆறு படம். ஆறும் பேய்.
நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து
மலாய்ப் பேய்களைத் தமிழில் அதட்டியவர் என்று
பழைய செய்தித்தாளில் ஒரு வரி,
வட்டிக்கடை விளம்பரத்துக்குக் கீழே.
புகைப்படம் கிடையாது.

ஐந்து படங்கள் கிடங்குத் தீயில் போயின.
ஆறாவதும் போனது.
இந்த டப்பாவில் இருப்பது படமில்லை,
தணிக்கைக்காரர் வெட்டிப்போட்ட துண்டுகள்.
காட்டலாம் என்று விட்டதெல்லாம் சாம்பல்.
காட்டக் கூடாததை மட்டும்
யாரோ ஒரு கிளார்க்
எண் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தி
அறுபத்திரண்டு வருஷம் காப்பாற்றியிருக்கிறார்.
நான்கு நிமிடம் பதினொரு வினாடி.

கிணற்றிலிருந்து ஏறும் கூந்தல்.
ஆளில்லாமல் ஆடும் தொட்டில்.
வாழைமரத்தில் வெள்ளைத் துணி, அதன் கீழே
தரை தொடாத இரண்டு கால்கள்.
பூஞ்சை படர்ந்த இடத்தில்
பேய்க்கு இன்னொரு முகம் முளைத்திருக்கிறது.
இன்னாசிமுத்து எடுத்ததைவிட அதுதான் பயமாயிருக்கிறது.
துடைத்துவிடவா என்று வெய் லிங்கைக் கேட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றாள்.

கேலாங் பாருவில் ஒன்பதாவது மாடி.
பேயாக நடித்த மக்சிக் ரொக்கியாவிடம்
மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்.
குவே லாப்பிஸை அடுக்கடுக்காய் உரித்துத் தின்றபடி பார்த்தார்.
கூந்தல் என்னுடையது என்றார். தொட்டில் என் தங்கையுடையது.
கால்கள் வந்ததும் சிரித்துப் புரையேறியது.

"இது நானில்லை.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி, வரமாட்டேன் என்றுவிட்டேன்.
அந்த ஆளே துணியைச் சுற்றிக்கொண்டு தொங்கினான்.
வலது காலைப் பார், சுண்டுவிரல் இருக்காது.
ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனானே,
தண்டவாளம் போட, அங்கே விட்டுவிட்டு வந்தான்."

கொஞ்சம் பொறுத்து,
"பாக்கியை அப்புறம் கொடுத்துவிட்டான்,
அதையும் எழுதிக்கொள்."

குளிரறைக்குத் திரும்பி
ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினேன்.
முந்நூற்றுப் பதினேழில் கால் லேசாகத் திரும்புகிறது.
நான்கு விரல்.
கயிறு அறுக்கும் வலியில் பெருவிரல் மட்டும் மடங்கியிருக்கிறது.
அந்த நிலையிலிருந்துதான்
'கட்' சொல்லியிருக்க வேண்டும்.

இயக்குநர் படம்: உண்டு / இல்லை.
உண்டு என்பதைச் சுழித்தேன்.
பாக்கி தீர்ந்த விஷயத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

ஈசூன் போகும் ரயிலில்
பக்கத்தில் இருந்தவர் என் கைகளைப் பார்த்துவிட்டு
ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.
காடி நெடிதான்.
இருந்தாலும் இன்னாசிமுத்து பார்த்திருந்தால்
சந்தோஷப்பட்டிருப்பார்.