அண்ணாவைக் கூட்டிப்போக வந்தனான்

முதல் கூட்டம் ஸ்காபரோவில்,
மார்க்கம் வீதித் தேவாலயமொன்றின் நிலவறையில்.
இருபத்தொரு ஆம்பிளைகள், ஒரு ஹீட்டர்.
எழுந்து நின்ற ஒருத்தர்
மனைவி விட்டுப்போன கதையைச் சொன்னார்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
நான் அந்த மனைவியை நினைத்துக்கொண்டிருந்தேன்,
அவளும் எங்கேயாவது இருந்து குடிக்கிறாளோ என்று.
இடைவேளையில் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.
பஸ் வர பதினாலு நிமிஷம்.
மதுக்கடை பூட்ட இருபது.
கணக்கில் நான் எப்பவும் கெட்டிக்காரி.

இரண்டாவது, எங்கடை ஆக்கள் நடத்துறது.
பிளாசாவில், நகைக்கடைக்கு மேல்மாடி.
கதவைத் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி:
"தங்கச்சி, ஊரிலை எவடம்?"
சுவரோரம் ஒரு தட்டில் உழுந்துவடை.
பின்வரிசையில், மூத்தவளின் அரங்கேற்றத்துக்கு
மண்டபம் பிடித்துத் தந்தவர்.
"அண்ணாவைக் கூட்டிப்போக வந்தனான்" என்றேன்.
எனக்கு அண்ணா இல்லை.
படியிறங்கும்போது
அந்த இல்லாதவனுக்காகக்
கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

பிறகு ஏழு மாசம் எங்கும் போகவில்லை.
வொட்கா வினாகிரிப் போத்தலில் இருந்தது.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து வந்து
அரிசி கழுவும்போது ஒரு மிடறு,
உலை கொதிக்கும்போது இன்னொன்று.
ஒருநாள் சின்னவன் அதை எடுத்துச்
சலாதுக்கு ஊற்றிவிட்டான்.
"அம்மா, இது பழுதாப்போச்சு."
ஓம், என்றேன்.

மூன்றாவதைத் தூரம் பார்த்துத் தேர்ந்தேன்.
ஒஷாவா. ரயில், பிறகு ஒரு பஸ்.
ஐஸ் ஹாக்கி அரங்கின் மேலறை, திங்கள் ஏழரை,
பெண்கள் மட்டும்.
கீழே பிள்ளைகள் அடிக்கிற பக் பலகையில் இடிக்கும்.
ஒவ்வொரு இடிக்கும் எல்லாரும் திடுக்கிடுவோம்,
பிறகு அதற்குச் சிரிப்போம்.
முப்பது வருஷம் கார்களுக்குக் கதவு பூட்டின டோரீன்.
பல்லுக் கிளினிக் குர்லீன்.
பெயர் சொல்லாத ஒரு பெட்டை,
மணிக்கட்டு நிறையத் தலைமயிர் ரப்பர்கள்.
ஒருத்தியும் ஊர் கேட்கவில்லை.
டோரீன் கேட்டது ஒன்றுதான்:
"வீட்டுக்கு எப்பிடிப் போவாய்?"

அங்கே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், சுலபமாய்,
வங்கியில் முகவரி மாற்றுவதுபோல.
தமிழில் அந்தச் சொல் வேறு.
குடிவரவு வரிசையில் நின்றிருக்கிறேன்.
குடியுரிமைக்குக் கை உயர்த்தியிருக்கிறேன்.
குடி என்றால் குடும்பம் என்று எழுதி
ஏழாம் வகுப்பில் புள்ளி வாங்கியவள் நான்.
ஆனாலும் குளியலறைக் கண்ணாடி முன்
குடிகாரி என்று சொல்லிப்பார்த்தால்
யாரோ வேலிக்கு அப்பால் நின்று ஏசுவதுபோல் கேட்டது.
தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

போன திங்கள், பனி கொட்டின இரவு,
கதவில் ஒருத்தி. மூக்குத்தி.
தொழிற்சாலைச் சப்பாத்து, இரும்பு நுனி.
என்னைக் கண்டாள்.
எங்களுக்குள் அது தெரிய ஒரு நொடி போதும்.
"இல்லை... அண்ணாவைக் கூட்டிப்போக வந்தனான்"
என்று தொடங்கி
அறையைச் சுற்றிப் பார்த்தாள்.
ஒன்பது பெண்கள்.

கீழே பக் இடித்தது. திடுக்கிட்டாள்.
இந்தமுறை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"என்ரை அண்ணாவும் இன்னும் வரேல்லை," என்றேன்.
"இருங்கோ."

கதிரை நுனியில், கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்.
ஃபோனில் பஸ் நேரத்தை இரண்டு தரம் பார்த்தாள்.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
தேத்தண்ணி ஊற்றி
எத்தனை சீனி என்று கேட்டேன்.
மூன்று, என்றாள்,
மற்றவர்களுக்குக் கேட்காமல்.