நெஞ்சுச் சுற்று

எட்டு மாதக் காளங்கன்றுகள், ஒன்பது.
மடி இல்லாத குற்றத்துக்காகப்
பால்பண்ணைகள் தள்ளிவிட்டவை.
உருப்படி நாலாயிரம் என்று
மூலனூர்க் கட்டுத்தரையில் சென்னியப்பன் இறக்கினான்.
எதற்கு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.
"கேரளாவுக்கு" என்றால்
இங்கே அது வெறும் திசை அல்ல.
பெயர் வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.
எண் போதும்.

சேகோ ஆலையிலிருந்து மரவள்ளித் திப்பி
லோடு லோடாய், ஏறக்குறையச் சும்மா.
புளித்த வாடை காற்றாலை வரைக்கும் போனது.
சோளத்தட்டு நறுக்கிப் போட்டோம், மேலே திப்பி அள்ளி வைத்தோம்.
தின்றன, தின்றன,
தாளியை நக்கிவிட்டு மறுபடி எங்களைப் பார்த்தன.
வயிறு பானையானது.
"பாரு, எப்படிப் பெருக்குதுங்க" என்றான்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள்.
வயிற்றைப் பார்த்து அளவு சொன்னால் நம்பமாட்டேன்.
நாடாவை எடுத்துப் போனேன்.
முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி
நாற்பத்திரண்டு இஞ்ச்.
தோள் முனையிலிருந்து வால் எலும்பு வரை நாற்பத்தைந்து.
சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி
அறுநூற்று அறுபதால் வகுத்தால்
நூற்று இருபது கிலோ.
ஒரு மாதம் கழித்து அதே கணக்கு:
நூற்று இருபத்தேழு.

டாக்டரம்மா மெஹருன்னிசா சிரிக்கவில்லை.
"திப்பி விறகுங்க. அடுப்பு எரியும்.
எரிகிற அடுப்பை வெச்சுச் சுவர் எழுப்ப முடியுமா?
வயித்துக்குள்ள இருக்கிற கிருமிக்கும் பசி.
அதுக்குப் புரதம் போகலைன்னா
தட்டுகூடச் செரிக்காது."
பருத்திப் புண்ணாக்கு ஒரு கிலோ, கடலைப் புண்ணாக்கு கால்,
வேலிமசால் ஒரு கட்டு, தாது உப்பு ஒரு பிடி.
திப்பியை நிறுத்த வேண்டாம் என்றார்,
புண்ணாக்கை மட்டும் கொட்டினால்
காசு மூத்திரமாய்ப் போகும்.

புண்ணாக்கு விலை கேட்டு
மூன்று நாள் சென்னியப்பன் பேசவில்லை.

அந்த மூன்றாம் நாள் இரவு எங்கள் தட்டில்
ரேஷன் அரிசிச் சோறு, ரசம், ஊறுகாய்.
அகிலன் மூன்றாம் முறை சோறு வாங்கினான்.
வயிறு முட்டியும் எழுந்திருக்கவில்லை,
குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் புண்ணாக்கு மூட்டையோடு
தட்டைப்பயறு இரண்டு கிலோ வந்தது.

அப்புறம் நாடா வேலை செய்தது.
நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது.
ஆடிக் காத்தில் தட்டு பறந்த வாரம் மட்டும் நின்றது.
ஐம்பத்திரண்டில் முதுகோரப் பள்ளம் நிரம்பியது,
உரோமம் எண்ணெய் வைத்ததுபோல் படிந்தது.
ஏழாம் எண்ணுக்கு நாடாவைக் கண்டால் போதும்,
தானே வந்து பக்கவாட்டில் நிற்கும்.
ஐம்பத்தேழு.
இன்னும் மூன்று இஞ்சில் நாடா தீர்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சி.
வேலந்தாவளம் ஹம்ஸா
ஏழாவதின் முதுகில் கட்டைவிரலை அழுத்தினார்.
"தீனி போட்டிருக்கு" என்றார், என்னைப் பார்த்து.
பிறகு துண்டுக்கடியில்
சென்னியப்பனின் விரல்களைப் பிடித்தார்.
விலை எனக்குத் தெரியவில்லை.
லாரிப் பலகையில் ஏறாமல்
அது என் பக்கம் திரும்பிப்
பக்கவாட்டில் நின்றது.

புதன்கிழமை சாரதாமணி
ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள்.
நெஞ்சுச் சுற்று எடுக்கும்போது மூக்கைச் சுளித்தாள்,
நாடாவில் என்ன வாடை என்று.
முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
பென்சில் கீழே வைக்கவில்லை,
முப்பத்தெட்டை முப்பத்தெட்டால் பெருக்கிக்கொண்டிருந்தது.