எண்ணெய் பிரஷ்

மைதா, சீனி, வனஸ்பதி, ஈஸ்ட்.
ரஸ்க்கில் ஒளிக்க என்ன இருக்கிறது?
கிள்ளானிலிருந்து ஆர்டர் வந்த அன்று
அப்படித்தான் சிரித்தேன்.
கப்பலூர் பேட்டையில்
முட்டைகூட நுழையாத கம்பெனி என்னுடையது.

ஹலால் சான்றிதழுக்குப் படிவம் இருபத்தியோரு பக்கம்.
வனஸ்பதி யாரிடம், அவர் யாரிடம் வாங்குகிறார்,
வெனிலா எசன்ஸ் எதில் கரைந்தது,
ஈஸ்ட் எதைத் தின்று வளர்ந்தது.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
எங்கள் வீட்டில் இத்தனை தலைமுறை விசாரித்ததில்லை.

செவ்வாய் இரவு பதினாறாம் பக்கம்:
தட்டில் எண்ணெய் தடவும் பிரஷ்,
அதன் முடி எது?

வெங்கலக்கடைத் தெருவில் டஜனாக வாங்கியது.
கைப்பிடியில் ஒரு புலிப் படம்,
வேறு எழுத்தே இல்லை.
கடைக்காரருக்குப் போன் போட்டேன்.
"நல்ல முடிண்ணே, உதிராது."
என்ன முடி?
"இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்லையே."

ஓர் இழையைப் பிடுங்கி லைட்டரில் காட்டினேன்.
நைலான் என்றால் உருகிச் சொட்டியிருக்கும்.
இது சுருண்டது.
"யாரு தலையக் கருக்குறீங்க?" என்று
உள்ளேயிருந்து மனைவி.

புதன் காலை பிரஷ் எல்லாம் சாக்கில் போனது.
சிலிக்கான் வந்தது, நீல நிறம்.
ஏற்கெனவே சுட்டது ரேக்கில் இருந்தது.

வியாழன் சாயங்காலம்
பேக்கிங் ஜைத்தூன்
வழக்கம்போல உடைசல் அரைக்கிலோ கட்டிக்கொண்டாள்.
பதினோரு வருடமாக அது அவளுக்குத்தான்,
நோன்பு மாதத்தில் ஒரு கிலோ.
சொல்லிவிடலாம் என்று பேனாவை மூடினேன்.
திருமங்கலம் பஸ் ஹாரன் அடித்தது.
நிஜமாகவே அடித்தது.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தார்
ஆடிட்டர் ஜுல்பிகார்.
டீ குடித்தார். ரஸ்க்கைத் தொடவில்லை.
"தப்பா நினைக்காதீங்க, இன்னும் பாக்கலையே."
பார்த்தார். பிரஷ் கதையைச் சொன்னேன்.
பழைய சரக்கை ஒதுக்கச் சொன்னார்.
தட்டுகளை ஏழு தடவை கழுவணும்,
அதில் ஒரு தடவை மண் கலந்து.
வைகை மண்ணா என்றேன்.
"சுத்தமான மண்ணு. ஆறு எதுன்னு கணக்கில்லை."
முந்நூற்று நாற்பது தட்டு.
தொட்டித் தண்ணீர் செம்மண் நிறத்தில்
சாக்கடை வரைக்கும் போனது.

சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினேன்.
பச்சை முத்திரை அச்சடித்த முதல் பெட்டிக்கு
டேப் ஒட்டிக்கொண்டே
தலை நிமிராமல் கேட்டாள் ஜைத்தூன்:
"அப்ப இதுக்கு முந்தி?"

சொன்னேன்.
புலிப் படம், லைட்டர், வாடை, எல்லாம்.

"தெரியாமத் தின்னது எங்க கணக்குல வராது"
என்று அடுத்த பெட்டியை இழுத்தாள்.
பிறகு,
"உங்களுக்கு என்னைக்கு தெரியும்?"

செவ்வாய்க்கிழமை ராத்திரி.

டேப் பாதி இழுத்தபடி நின்றது.
கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட்டுப் போனது.
செவ்வாய். புதன்.
வியாழனில் நின்றது.